விரலில் 98, கடைமடையில் எவ்வளவு?

கேள்வி. சனவரி 6, இரவு 9.40

அம்மாவுக்கு 46 வயது. மேலூர்ப் பக்கம் கிராமம். ரெண்டு மாசமா நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. வாசல்ல கோலம் போட்டு எந்திரிச்சா தலை சுத்துது. கொரோனா சமயத்துல வாங்கின விரல் மெஷினை மாட்டிப் பார்த்தேன், 98 காட்டுது. மூணு நாளா அதே 98தான். நெஞ்சு எக்ஸ்ரேயும் நல்லா இருக்குன்னுட்டாங்க. ரத்தத்துல ஆக்சிஜன் நிறைய இருக்கு, அப்ப இது வயசு, மனசு சம்பந்தப்பட்டதுதானே?

சனவரி 6, இரவு 10.25

வயசும் இல்லை, மனசும் இல்லை தம்பி. அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். நான் மதுரையில் இருபத்தாறு வருடமாக லேப் டெக்னீஷியன். விரலில் 98, ஹீமோகுளோபின் 6, 7 என்று வருகிற பெண்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். நாளைக்கு முதல் வேலையாக அம்மாவுக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம். விடிந்ததும் அம்மாவின் கீழ் இமையை லேசாக இழுத்து, பகல் வெளிச்சத்தில் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

இன்னொன்று. அந்த மெஷினில் 98க்குப் பக்கத்தில் வேறு ஓர் எண்ணும் இருக்கும். நாடித்துடிப்பு. அதை நீங்கள் எழுதவில்லை.

சனவரி 7, காலை 5.45

தூக்கம் பிடிக்கவில்லை. டூட்டிக்குக் கிளம்பும் முன் அந்த 98 என்ன என்று எழுதிவிடுகிறேன்.

சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் இருக்கிறது. அதில் ஆக்சிஜன் உட்கார இடங்கள் உண்டு. அந்த இடங்களில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதுதான் 98. மொத்தம் எத்தனை இடம் இருக்கிறது என்பது மெஷினுக்குத் தெரியாது. மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் கிளம்பினாலும் சீட் ஃபுல், ஷேர் ஆட்டோ கிளம்பினாலும் சீட் ஃபுல்.

கணக்காகச் சொன்னால், 1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைப் பிடிக்கும். 100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம் இருந்தால் 20 மி.லி. ஆக்சிஜன். 7 கிராம்தான் இருந்தால் 9 சொச்சம். ரெண்டு பேர் விரலிலும் 98தான் வரும். ஹீமோகுளோபின் இல்லாமல் நேரே ரத்த நீரில் கரைந்து போவது 100 மி.லி.க்கு 0.3 மி.லி. மட்டும்.

மெஷினைக் குறை சொல்லவில்லை. துடிப்போடு ஏறி இறங்கும் ரத்தத்தை மட்டும் பிரித்து, சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் வைத்துக் கணக்கிடலாம் என்று ஜப்பானில் தாகுவோ அவோயாகி 1974இல் வெளியிட்டார். நுரையீரல் தன் வேலையைச் செய்கிறதா என்று கேட்டால் அது ஒழுங்காகப் பதில் சொல்லும். நாம்தான் அதனிடம் வேறு கேள்வி கேட்டுவிட்டு, வந்த பதிலை நம்பிக்கொள்கிறோம். மார்கழி விடியலில் பச்சைத் தண்ணீரில் கை நனைத்த சூட்டோடு மாட்டாதீர்கள், விரல் விறைத்திருந்தால் அளவு தடுமாறும்.

சனவரி 7, இரவு 8.10

நாடித்துடிப்பு 114 என்று எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே 114. இமை உள்பக்கம் "வெள்ளைத் துணி மாதிரி". ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

சனவரி 8, பகல் 1.30

6.8.

இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ரத்தம் எங்கே போனது என்று கேளுங்கள். மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதை அம்மாவிடம் நீங்கள் கேட்கக் கூச்சமாக இருந்தால் அத்தையையோ சித்தியையோ கேட்கச் சொல்லுங்கள்.

சனவரி 9, இரவு 11.00

முந்தாநாள் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். ஷேர் ஆட்டோ உதாரணம் ஏறுகிற பக்கத்துக்குச் சரி, இறங்குகிற பக்கத்துக்குச் சரியில்லை. ஆட்டோவில் ஆள் தானாக எழுந்து இறங்குவான். ஆக்சிஜன் அப்படி இறங்குவதில்லை. "ரத்தம் செல்லுக்கு ஆக்சிஜன் கொடுக்கிறது" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், நானும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் கொடுப்பதில்லை. மட்டம் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்குப் போகிறது.

கண்மாய் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மடையைத் திறந்தால் தண்ணீரை யாரும் தள்ள வேண்டியதில்லை. கண்மாயில் மட்டம் மேலே, வயலில் கீழே. ஆக்சிஜனுக்கு மட்டம் என்பது அழுத்தம். நுரையீரல் காற்றறையில் சுமார் 104 மி.மீ. பாதரசம். தமனி ரத்தத்தில் 95. தந்துகி என்கிற மயிரிழை ரத்தக் குழாயைச் சுற்றிச் செல்கள் நனைந்து கிடக்கும் நீரில் 40. செல்லுக்குள் 5 முதல் 40 வரை, சராசரியாக 23. உள்ளே செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கு 1 முதல் 3 கிடைத்தாலே வேலை ஓடும். செல் தின்னத் தின்னத்தான் அங்கே மட்டம் தாழ்கிறது, தாழத் தாழத்தான் இங்கிருந்து வருகிறது. வேலை செய்யாத செல்லுக்கு வராது. கரியமில வாயு எதிர்த்திசையில் போகிறது. செல் பக்கம் 46, வந்து சேரும் ரத்தத்தில் 40, திரும்பும் ரத்தத்தில் 45. இவ்வளவு சின்ன வித்தியாசமே போதும், ஏனென்றால் அது ஆக்சிஜனைவிட 20 மடங்கு சுலபமாகப் பரவும்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கண்மாயை இழுத்தேன். தம்பி, நீங்களும் மேலூர்ப் பக்கம் என்பதால் உங்களுக்கு உடனே புரியும். பெரியாற்றுத் தண்ணீர் 1895இலிருந்து வருகிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதைத் தாண்டி நமக்கு ஒருபோகம். வாய்க்காலில் தண்ணீர் திறந்தாச்சு என்று பேப்பரில் வரும். தலைமடையில் நிரம்பி ஓடும். நம் கடைமடைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. அதை வயலில் நிற்கிறவனிடம்தான் கேட்க வேண்டும்.

தந்துகிக்கும் தலைமடை, கடைமடை உண்டு. தமனி முனையில் மட்டம் 95, சிரை முனைக்கு வருவதற்குள் 40. அந்தச் சிரை முனையில், தந்துகியை விட்டுத் தள்ளியிருக்கும் செல்தான் கடைமடை. டென்மார்க்கின் ஆகஸ்ட் கிரோக், ஒரு தந்துகி, அதைச் சுற்றி உருளையாகத் திசு என்று வைத்துக்கொண்டு 1919இல் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கின்படி முதலில் காய்வது அந்த மூலைதான். ஈரலிலும் அப்படியே, மையச் சிரையை ஒட்டிய செல்கள்தான் முதலில் வாடும்.

விரல் மெஷின் தலைமடையில் நிற்கிறது. 98 என்பது தலைமடைச் செய்தி.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு 100 மி.லி. ரத்தத்திலிருந்து 5 மி.லி. ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது. 20இல் 5 போனால் 15 மிச்சம். அம்மாவின் ரத்தத்தில் வருவதே 9. அதில் 5 போனால் 4. மட்டம் சரசரவென்று இறங்கிவிடும், கடைமடைக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் இதயம் விடாமல் இறைக்கிறது. அந்த 114 அதுதான், கடைமடையை நனைக்க ராத்திரி பகலாக ஓடுகிற மோட்டார். சிவப்பணுவும் தன் பங்குக்கு 2,3-டிபிஜி என்ற பொருளைக் கூட்டிக்கொண்டு ஆக்சிஜன் மேலுள்ள பிடியைத் தளர்த்துகிறது. அதே மட்டத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொடுக்கும்.

ரத்தம் மெதுவாகக் குறையும்போது உடம்பு இப்படிப் பழகிக்கொள்கிறது. 6.8 வைத்துக்கொண்டு சமைக்கிறார்கள், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறார்கள், குடம் தூக்குகிறார்கள். அதைப் பார்த்து "நல்லாத்தானே நடமாடுது" என்கிறோம். ஆபத்துக்கு என்று இருந்த கையிருப்பை எல்லாம் அன்றாடத்துக்கே செலவழித்துவிட்டார்கள். நாலு படி ஏற மிச்சமில்லை.

என் பெரியம்மாவை வீட்டில் சோம்பேறி என்றார்கள். நாற்று நடும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வரப்பில் உட்கார்ந்துவிடுவார். மண் அள்ளித் தின்பார், அதற்கும் திட்டு. நான் லேப் படிப்பு சேர்ந்த வருடம் அவருக்கு நானே ரத்தம் எடுத்தேன். 4.9. எத்தனை வருடம் அப்படி இருந்தாரோ. மண் தின்னும் ஆசையே இரும்புச்சத்துக் குறைவில் வரக்கூடியது என்று அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

சனவரி 10, காலை 6.00

நேற்று நீளமாகிவிட்டது. ஒரு எண்ணை மட்டும் சேர்க்கிறேன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். இமையை இழுத்துப் பாருங்கள், உங்கள் வீட்டிலும்.

சனவரி 11, இரவு 9.15

சோழவந்தான் அண்ணன் சிரை ரத்தம் நீலம் என்று எழுதியிருக்கிறார். இல்லை அண்ணே. தினம் நாற்பது ஐம்பது பேர் சிரையில் ஊசி போடுகிறேன், ஒருநாளும் நீலத்தைப் பார்த்ததில்லை. கறுஞ்சிவப்பு, நாவல்பழச் சாறு மாதிரி. தோல் வழியாகப் பார்ப்பதால் சிரை நீலமாகத் தெரிகிறது. பாடப் புத்தகப் படத்தில் பிரித்துக் காட்ட நீலம் அடித்தார்கள், அது மனதில் ஒட்டிக்கொண்டது. "சிரை ரத்தத்தில் ஆக்சிஜனே இல்லை" என்பதும் தவறு. சாதாரணமாக 75 சதம் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கும்.

ஆனால் எல்லாச் சிரை ரத்தமும் ஒரே நிறமில்லை. கட்டுப்பட்டையை இறுக்கி, "கையை மூடி மூடித் திறங்க" என்று ரொம்ப நேரம் வைத்திருந்தால் கறுத்து வரும். ரத்தம் அங்கேயே தேங்கி, தசை தின்றுகொண்டே இருக்கிறது. சித்திரை வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு எடுத்தால் பளிச்சென்று வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தமனியைக் குத்திவிட்டேனோ என்று பயந்து ஊசியை உருவியிருக்கிறேன்.

இதே பயம் 1840இல் ஜாவாவில் ஒரு கப்பல் டாக்டருக்கு வந்திருக்கிறது. ஜெர்மானியர், ராபர்ட் மாயர். மாலுமிகளின் சிரையைக் கீறினால் ரத்தம் தமனி ரத்தம் போலச் சிவந்து வந்தது. வெப்ப நாட்டில் உடம்பு சூட்டைக் காக்கக் குறைவாக எரித்தால் போதும், அதனால் ஆக்சிஜன் மிஞ்சித் திரும்புகிறது என்று யோசித்தார். அந்த யோசனை அவரை ஆற்றல் அழியாது, உருமாறும் என்ற விதி வரைக்கும் கொண்டுபோனது, 1842இல் எழுதினார். வெயிலில் தோலுக்கு ஓடும் ரத்தம் தேவைக்கு மேல் கூடிவிடுகிறது, எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் நிறத்தோடு திரும்புகிறது என்பது இன்றைய விளக்கம். சிரிஞ்சுக்குள் ஏறும் அந்த நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும் எனக்கு.

சனவரி 12, பகல்

அம்மாவுக்கு ஒரு பை ரத்தம் ஏற்றுகிறார்கள், பழைய ரத்தமாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். 2 முதல் 6 டிகிரிக் குளிரில் வைத்து, கலக்கும் திரவத்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரைக்கும் வைக்கலாம். நான் சொன்ன டிபிஜி இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்திருக்கும், அதனால் முதலில் பிடியைத் தளர்த்தத் தயங்கும். உடம்புக்குள் போன ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

சனவரி 18, இரவு 10.40

இந்த வாரம் முழுக்க லேபில் அலங்காநல்லூர்ப் பேச்சுதான். திமிலைப் பிடித்துத் தொங்குகிறவனின் தொடையில் அந்த நேரத்தில் நடப்பது நம் விஷயம்தான்.

ஓய்வில் தசையின் தந்துகிகளில் பல மூடிக்கிடக்கும், வேலை வந்தால் திறக்கும். கிரோக்குக்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்குத்தான். செல்லுக்கும் ரத்தத்துக்கும் இடையே தூரம் குறைகிறது, பத்து வயலுக்கு ஒரு வாய்க்கால் இருந்த இடத்தில் வயலுக்கு ஒன்று வெட்டிவிட்ட மாதிரி.

அதைவிட எனக்குப் பிடித்தது, 1904இல் கிறிஸ்தியன் போர் என்ற உடலியல் அறிஞர் கண்டது. செல் வேலை செய்தால் கரியமில வாயு வெளியேறும். அது சிவப்பணுவுக்குள் நுழைந்ததும், கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதைத் தண்ணீரோடு சேர்த்து அமிலமாக்குகிறது. அந்த அமிலம் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகிறது. சூடும் தளர்த்தும். ஆக, எந்தத் தசை அதிகம் உழைக்கிறதோ அதன் கழிவே போய் ஆக்சிஜனுக்குக் கதவைத் திறக்கிறது. மூளையிலிருந்து உத்தரவு எதுவும் வர வேண்டியதில்லை. ஓய்வில் 100 மி.லி.க்கு 5 மி.லி. இறங்கிய இடத்தில், கடும் உழைப்பில் 15 மி.லி. வரை இறங்கும்.

கரியமில வாயுவில் சுமார் 70 சதம் இப்படிப் பைகார்பனேட்டாகச் சிவப்பணுவில் திரும்புகிறது. ஆப்ப சோடாவில் இருக்கிற அதே பைகார்பனேட். 23 சதம் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும், 7 சதம் கரைந்தே போகும். ஏழாயிரம் அடி உயரக் கொடைக்கானலில் நடந்தாலும் சரி, மாடு பிடித்தாலும் சரி, ஏற்பாடு ஒன்றுதான்.

நாட்டுக்கோழித் தொடைக் கறி கறுத்தும் நெஞ்சுக் கறி வெளுத்தும் இருப்பது ஏன் என்று ஒரு கேள்வி. தொடைத் தசையில் மையோகுளோபின் அதிகம். ஹீமோகுளோபினின் உறவு, தசைக்குள்ளேயே ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாள் பூராவும் கிளறித் திரிகிற கால் அல்லவா.

சனவரி 19, காலை

திருத்தம். பைகார்பனேட் உருவாவது சிவப்பணுவுக்குள், பயணம் செய்வது பெரும்பாலும் வெளியே ரத்த நீரில். ஒரு மாணவி சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. பைகார்பனேட் வெளியே போகும்போது ஈடாகக் குளோரைடு உள்ளே வருகிறது, கூடவே கொஞ்சம் தண்ணீரும். சிரை ரத்தத்தில் சிவப்பணு தமனி ரத்தத்தில் இருப்பதைவிடச் சற்றே ஊதியிருப்பது இதனால்தான்.

சனவரி 23, இரவு 9.50

ரத்தம் செல்களுக்கு ஆக்சிஜன் கொண்டுபோகிறது என்கிறோம். ரத்தமே செல்கள்தானே, அவற்றுக்கு யார் கொண்டுவருவது? இந்தக் கேள்வி எனக்கு ஓர் ஏப்ரல் மாதம் வந்தது.

ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். காய்ச்சலில் கிடந்த ஒருவருக்கு மணிக்கட்டுத் தமனியில் ரத்த வாயுப் பரிசோதனைக்கு எடுத்தேன். ஐஸ் பெட்டி காலி. எடுத்துப் போக ஆளும் இல்லை. சிரிஞ்ச் ஜன்னலோர மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்துவிட்டது. 95க்குப் பக்கத்தில் வர வேண்டிய ஆக்சிஜன் 70க்குக் கீழே வந்தது, கரியமில வாயு ஏறியிருந்தது. வார்டில் ஒரே ஓட்டம். வென்டிலேட்டர் என்று பேச்சு தொடங்கிவிட்டது. ஆள் படுக்கையில் சாய்ந்துகொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். மறுபடி எடுத்து, ஐஸில் வைத்து, நானே ஓடிப்போய் மெஷினில் போட்டேன். சரியாக இருந்தது.

எனக்கு மூத்த டெக்னீஷியன் ஒருவர் சொன்னார்: "அது மருந்துத் தண்ணி இல்லம்மா, உசுரோட இருக்கு. சிரிஞ்சுக்குள்ளயும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கும்."

வெள்ளையணுக்கள்தான் தின்றிருக்கின்றன. அவருக்குத் தொற்றினால் அவை எக்கச்சக்கமாகப் பெருகியிருந்தன. சிவப்பணு தின்னாது. அதற்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. கிடைக்கிற ஆக்சிஜன் அத்தனையையும் தலையில் சுமந்து போகிறது, தனக்கென்று ஒரு துளி எடுத்துக்கொள்வதில்லை. சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துப் பிழைக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மைக்ராஸ்கோப்பில் சிவப்பணுவைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

சனவரி 26, காலை 7.20

லீவுக்குக் கொடைக்கானல் போகிறோம் என்று எழுதியவருக்கு. குளிருக்கு அடுப்புக்கரியை அறைக்குள், கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கைகூப்பிக் கேட்கிறேன். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். வாசனை கிடையாது. பாதி இடத்தை அது பிடித்துவிட்டால் பாதி ரத்தசோகை என்று கணக்குப் போடாதீர்கள், அதைவிட மோசம். மீதி இடத்தில் இருக்கும் ஆக்சிஜனும் இறுகிப்போய் இறங்க மறுக்கும். கண்மாயில் தண்ணீர் இருக்க, மடைப்பலகை துருப்பிடித்து ஏறாத நிலை. விரல் மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அப்போதும் 98 காட்டும்.

பிப்ரவரி 3, இரவு 9.00

சுவரொட்டி வாங்கிக் கொடுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தாராளமாக. ஆட்டு மண்ணீரல் அது, பழைய சிவப்பணுக்கள் உடைகிற இடம், இரும்பு நிறைய. கறியிலிருந்து வரும் இரும்பு கீரை இரும்பைவிட நன்றாக உடம்பில் சேரும். சைவக்காரர்கள் முருங்கைக்கீரையோடு எலுமிச்சை சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், இரும்பை உறிஞ்ச விடாது. பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமில்லை.

கறிக்கடையில் ரத்தம் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். உறைந்த ரத்தக் கட்டியைக் கத்தியால் வெட்டினால் உள்பக்கம் கறுத்திருக்கும். இலையில் வைத்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். வெட்டிய முகம் மேலிருந்து சிவந்துகொண்டே வரும். காற்றில் மட்டம் மேலே, கட்டியில் கீழே. உயிர் போன பிறகும் ஹீமோகுளோபின் தன் வேலையைச் செய்கிறது. என் மகளுக்கு இந்தப் பாடத்தை இப்படித்தான் காட்டினேன்.

ஆனால் 6.8ஐச் சுவரொட்டியால் மட்டும் ஏற்ற முடியாது. போகிற வழியை அடைக்காமல் ஊற்றிக்கொண்டிருந்தால் நிற்காது.

பிப்ரவரி 4, காலை

கர்ப்பப்பையில் கட்டி, ஒரு வருடமாக மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் போக்கு, அம்மா யாரிடமும் சொல்லவில்லை. படித்துவிட்டு மனசு கனத்துப்போனது. ஒரு வருடமாகக் கடைமடை காய்ந்துகொண்டிருந்திருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிகிச்சையை டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். அம்மாவிடம் கோபப்படாதீர்கள்.

பிப்ரவரி 27, இரவு 8.30

9.7. பார்த்ததும் லேபில் எல்லோரிடமும் சொன்னேன். இரும்பு மாத்திரையை இப்போது நிறுத்த வேண்டாம். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் போட வேண்டும், உள்ளிருப்பு நிரம்ப.

நீங்கள் அனுப்பிய மெஷின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்றைக்குக் காட்டிய அதே 98. பக்கத்தில் 82.